மழைக்கு முன் ஓவராயிலிங்: ஒரு சிக்கன எம்.டி.பி.யின் முழுப் பிரிப்பு

வேலைக்கு எடுத்த வண்டி ஓர் எம்.டி.பி., அதாவது மலைத்தட சைக்கிள்: 27.5 அங்குலச் சக்கரம், இரும்புச் சட்டம், 80 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் ஃபோர்க், முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7 அடுக்குப் பல்சக்கரம் கொண்ட ஃப்ரீவீல், இரண்டு பக்கமும் கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். வாங்கிய விலை 15,000 ரூபாய்க்குள். இரண்டு வருடம் பெங்களூரு அல்சூரிலிருந்து தினம் ஆபீசுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் கனகபுரா ரோட்டுப் பக்கத்துச் செம்மண் தடங்களுக்கும் ஓடியிருக்கிறது. சட்டத்தில் கீறலைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏற்றத்தில் மிதித்தால் கீழே கடக் கடக்கென்று சத்தம், பின் சக்கரத்தில் ஆட்டம், மூன்றாவது கியரில் செயின் துள்ளல், பிரேக் பிடித்தால் கீச்சென்று ஒரு கத்தல். மே கடைசி. மழை இறங்கும் முன் முழுசாகப் பிரித்து மாட்ட வேண்டும்.

இந்த விலை வண்டிகளில் போடும் சாமான் மட்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சாமான் மட்டம் என்பதைவிட அது காய்ந்து கிடக்கிறது என்பதே பெரிய குறை. அட்டைப் பெட்டியில் வரும் வண்டியைக் கடையில் அரை மணி நேரத்தில் பூட்டிக் கொடுக்கிறார்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைத் திறந்தால் கிரீஸ் ஒரு மிளகளவு இருக்கும், குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோன் அளவுக்கு மீறி இறுகியிருக்கும், மரை எதிலும் எண்ணெய்ப் பசையே இருக்காது. இதே வண்டியை வாங்கிய வாரமே திறந்து கிரீஸ் வைத்துச் சரியாகப் பூட்டியிருந்தால், கீழே மாற்றியதாக வரும் சாமானில் பாதியை மாற்றியிருக்கவே வேண்டாம். சதுர அச்சு, மரை ஃப்ரீவீல், தனிக் குண்டு பேரிங் எல்லாம் பழைய நுட்பம்தான். ஆனால் ஒவ்வொன்றையும் ஸ்பேனர் போட்டுத் திறக்கலாம், சிவாஜிநகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு பழைய சைக்கிள் கடையில் உதிரி கேட்டு வாங்கலாம். இந்த வகை வண்டியின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

தேவைப்பட்ட கருவிகள்: 4, 5, 6, 8 மி.மீ. எல் கீ, 15 மி.மீ. ஸ்பேனர், தட்டையான 13, 15 மி.மீ. கோன் ஸ்பேனர், பெடல் கையான கிராங்கைக் கழற்றும் புல்லர், ஃப்ரீவீல் கழற்றி, செயின் கட்டர், ஸ்போக் சாவி, ஓர் இரும்பு ஸ்கேல். இவற்றில் கோன் ஸ்பேனருக்கு மாற்றே கிடையாது. சாதா ஸ்பேனரின் தடிமன் கோனுக்கும் லாக் நட்டுக்கும் நடுவில் நுழையாது. கிரீஸுக்குப் பைக் மெக்கானிக்குகள் ஏ.பி.3 என்று கேட்டு வாங்கும் லித்தியம் கிரீஸே போதும், அரை கிலோ டப்பா சில வருடம் வரும். கழுவ அரை லிட்டர் டீசல், துடைக்க ஒரு கட்டு பனியன் வேஸ்ட். பெட்ரோல் வேண்டாம். மூடிய பார்க்கிங்கில் அதன் ஆவி தீ பிடிக்கும், கைத்தோலும் வெடிக்கும்.

பெடல், கிராங்க், பி.பி. (கிராங்க் அச்சும் பேரிங்கும்)

முதலில் பெடல். வலது பெடல் சாதா மரை, இடது பெடல் எதிர் மரை. குழம்பாமல் இருக்க ஒரு வழி உண்டு: ஸ்பேனரின் கைப்பிடி மேலே நிற்கும்படி மாட்டி, எந்தப் பக்கமானாலும் பின் சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும். இந்த வண்டியில் இடது பெடல் அசையவே இல்லை. மரையில் துரு. மரையோரம் டீசல் விட்டு ஒரு ராத்திரி வைத்த பிறகு, ஸ்பேனர் மேல் இரும்புக் குழாய் செருகி அழுத்தியதும் விட்டுக்கொடுத்தது.

கிராங்கின் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லரை உள்ளே திருக வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கிராங்க் போனது போலத்தான். புல்லரின் வெளி மரை கிராங்குக்குள் முழுசாக இறங்கிய பிறகுதான் நடுத்தண்டைத் திருகி அச்சைத் தள்ள வேண்டும். நாலு சுற்றில் நிறுத்திவிட்டுத் தள்ளினால் அலுமினிய மரை சுருள் சுருளாக உரிந்து வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் அந்தக் கிராங்கை அறுத்துத்தான் எடுக்க முடியும்.

கடக் சத்தத்தின் காரணம் வெளியே தெரிந்தது. இடது கிராங்கின் சதுர ஓட்டையில் இரண்டு மூலைகள் மழுங்கி, உள்ளே கறுப்பாகத் தேய்ந்திருந்தன. போல்ட் லேசாகத் தளர்ந்த நிலையிலேயே பல நாள் மிதித்ததன் விளைவு. அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம். ஆட்டம் வந்துவிட்டால் மிருதுவானதுதான் தேயும். ஓட்டை வடிவம் கெட்ட பிறகு எவ்வளவு இறுக்கினாலும் 20 கிலோமீட்டரில் மறுபடி தளரும். தகரம் வைத்துச் செருகித் தருவதாகக் கடையில் சொல்வார்கள், அது ஒரு வாரம் கூட நிற்காது. இடது கிராங்க் மட்டும் தனியாகக் கிடைக்கும். கைநீளம் எத்தனை மி.மீ. என்று பழையதன் உள்பக்கத்தில் பொறித்திருக்கும், அதையே வாங்க வேண்டும்.

பி.பி. கப் கழற்றும்போது மறக்கக் கூடாதது: செயின் இருக்கும் வலது பக்கக் கப் எதிர் மரை. கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இடது கப் சாதா மரை. இது தெரியாமல் வலது கப்பை இடஞ்சுழியாகத் திருப்பி, அசையவில்லை என்று குழாய் மாட்டி அழுத்தி, சட்டத்தின் மரையையே கெடுப்பவர்கள் உண்டு.

உள்ளே கூட்டில் அடைத்த கால் அங்குலக் குண்டுகள் பக்கத்துக்கு 9. கிரீஸ் செம்மண்ணோடு சேர்ந்து செங்கல் நிறத்தில் விழுது போல இருந்தது. இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. அச்சைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினால், குண்டு ஓடும் வரியில் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள். குழி விழுந்த வரியில் புதுக் குண்டு போட்டுப் பயனில்லை. அச்சும் கப்பும் நன்றாக இருந்திருந்தால் கூட்டை எறிந்துவிட்டுப் பக்கத்துக்கு 11 தனிக் குண்டு போட்டு, கிரீஸ் நிரப்பி மூடியிருக்கலாம். பழைய கடைக்காரர்கள் செய்வது அதுதான், பாரம் அதிகக் குண்டுகளில் பரவும். இதில் மூடிய கார்ட்ரிட்ஜ் பி.பி. போட வேண்டியதாயிற்று. சட்டக் குழாயின் அகலம் அளந்தால் 68 மி.மீ. அச்சின் நீளம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் பல்சக்கரம் சட்டத்தில் உரசும், கூடினால் செயின் கோணலாக ஓடும். கழற்றியதைக் கையோடு எடுத்துப் போய் வைத்துப் பார்த்து வாங்குவதே நிச்சயம்.

மாட்டும்போது குழாய்க்குள் மண்ணைத் துடைத்து, மரை இரண்டிலும் தாராளமாகக் கிரீஸ். கிராங்க் போல்ட்டுக்கு 40 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கணக்கு சுலபம்: ஓர் அடி நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 13 கிலோ பாரத்தை ஏற்றுகிற அழுத்தம். மணிக்கட்டால் இறுக்கினால் அதில் பாதி கூட வராது.

பின் சக்கரம்

இந்த வண்டியில் அதிக நேரம் பிடித்தது இதுதான். இந்த வகை வண்டி எதிலும் இப்படித்தான் இருக்கும்.

மரை ஃப்ரீவீல் ஒவ்வொரு மிதியிலும் இன்னும் கொஞ்சம் இறுகிக்கொண்டே போகிறது. இரண்டு வருட மிதியைக் கையால் கழற்ற வராது. கழற்றியை ஃப்ரீவீலின் வரிகளில் சரியாக உட்கார வைத்து, அது நழுவாமல் அச்சின் நட்டால் லேசாகப் பிடித்துவைத்து, கழற்றியை வைஸில் கவ்வி, சக்கரத்தையே ஸ்டியரிங் போல இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். டொக்கென்று விட்டதும் நட்டைத் தளர்த்திவிட்டு மீதியைத் திருப்பலாம். வைஸ் இல்லாதவர்கள் சக்கரத்தை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போனால் ஒரு நிமிட வேலை.

இப்போது அச்சு. கோனை விரலால் உருட்டியபடி அச்சின் நுனியைக் கவனித்தால் அது ஒரே இடத்தில் நிற்காமல் வட்டம் போட்டது. வளைந்துவிட்டது. மரை ஃப்ரீவீல் ஹப்பின் பிறவிக் குணம் இது. 7 அடுக்குப் பல்சக்கரமும் ஹப்பின் வலது பேரிங்குக்கு வெளியே உட்காருவதால், பேரிங்குக்கும் சட்டம் பிடிக்கும் இடத்துக்கும் நடுவில் அச்சு நீளமாகத் தாங்கலின்றி நிற்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் உட்கார்ந்தபடியே இறக்கினால் மொத்த அடியும் அங்கேதான் விழும். பல்சக்கரங்களை ஹப்பின் மேலேயே செருகும் கேசட் ஹப்பில் வலது பேரிங் ஓரத்துக்கே போய்விடுவதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுக்க முடிந்தால் ஃபோர்க்கைப் பார்க்காமல் 8 அடுக்குக் கேசட் உள்ள வண்டியா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து அந்தப் பணத்துக்கு அதைவிட நல்ல செலவு இல்லை.

புது அச்சு, இரண்டு கோன், லாக் நட் செட்டாக வாங்கியது. பழைய கோனைப் புது அச்சில் கையால் திருகிப் பார்த்து மரை ஒன்றுதான் என்று உறுதி செய்ய வேண்டும், தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் இரண்டு மரை அளவுகள் சந்தையில் ஓடுகின்றன. பின் ஹப்புக்குக் கால் அங்குலக் குண்டு பக்கத்துக்கு 9, முன் ஹப்புக்கு 3/16 அங்குலம் பக்கத்துக்கு 10. பழைய குண்டையும் புதியதையும் கலக்கக் கூடாது. அரைமயிர் அளவு பெரிதாக இருப்பது மட்டும் பாரத்தைத் தாங்கி, கோனைக் குடைந்துவிடும்.

கப்பில் முக்கால் பங்கு கிரீஸ், அதன் மேல் குண்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கி, மேலே இன்னொரு பூச்சு. பிறகு கோன் இறுக்கம். நெம்பால் பூட்டும் க்விக் ரிலீஸ் உள்ள சக்கரமானால், கையில் வைத்து ஆட்டும்போது மிக லேசான ஆட்டம் மிச்சம் இருக்க வேண்டும், சட்டத்தில் மாட்டி நெம்பை மூடியதும் அச்சு கொஞ்சம் அமுங்கி அந்த ஆட்டம் மறையும். கையிலேயே ஆட்டமில்லாமல் வைத்தால் மாட்டியதும் இறுகி, குண்டு அரைக்கும். நட்டு போட்ட அச்சில் இந்த அமுக்கம் வராது, அங்கே ஆட்டம் போகிற சரியான புள்ளியிலேயே நிறுத்தலாம். லாக் நட்டை இறுக்கும்போது கோனும் கூடச் சேர்ந்து சுற்றும். மூன்று நாலு முறை தளர்த்தி வைத்தால்தான் அமையும், அலுத்துக்கொள்ளக் கூடாது.

ஃப்ரீவீல் பக்கத்தில் ஒரு ஸ்போக் கம்பி, ஹப்பில் வளையும் முழங்கையில் முறிந்திருந்தது. கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்தினால் வலது பக்கத்திலேயே சில கல்லு போலவும் சில நூல் போலவும் இருந்தன. மெஷினில் கோத்த சக்கரத்தில் இது சகஜம். தளர்ந்த கம்பிதான் முறியும், இறுகியது அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்தும் இழுபட்டும் அதன் முழங்கை களைத்துப்போகிறது. முறிந்த துண்டையும் அளந்து அதே நீளத்தில் புதியது போட்டு, கோட்டம் எடுக்கும்போது கம்பி நுனியிலுள்ள நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பவில்லை. ஒரே பக்கத்துக் கம்பிகளைத் தட்டினால் ஏறக்குறைய ஒரே சுருதி வர வேண்டும், வலது பக்கச் சுருதி இடதைவிட உயரமாக இருக்கும். அமைந்த பிறகு கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் நன்றாக இறுக்கிப் பிடித்து விட்டால் கிணிக் கிணிக் என்று சத்தத்தோடு முறுக்கு விடும். மறுபடி ஒருமுறை கோட்டம் பார்க்க வேண்டும்.

பிரேக்

கேபிள் டிஸ்க்கில் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். அது டிஸ்க் தட்டை வளைத்து, நகராத உள்பக்கப் பேடில் கொண்டு போய் அழுத்துகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் செட்டிங் புரிந்துவிடும்: உள்பேடு தட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் இரண்டு 5 மி.மீ. போல்ட்டையும் தளர்த்தி, உள்பேடின் திருகை மெல்ல உள்ளே திருப்பி, தட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு கனம் விட்டு நிறுத்தியது. பிறகு லீவரைப் பிடித்தபடியே போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கியது. ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் காலிப்பர் நகர்ந்துவிடும்.

பேட் தேயத் தேயக் கைப்பிடி அருகே உள்ள கேபிள் திருகையே திருப்பி இறுக்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் காலிப்பரின் கை பாதித் தூரம் நகர்ந்த நிலையிலேயே ஓய்வில் நிற்கும். பிடிக்கும்போது அதற்கு மிச்சத் தூரம் இருக்காது, லீவர் கைப்பிடியைத் தொட்டாலும் பிரேக் பிடிக்காது. தேய்மானத்தைப் பேட் திருகில் ஈடுகட்ட வேண்டும். கேபிள் திருகு நுணுக்கத்துக்கு மட்டும்.

கீச் சத்தத்துக்குக் காரணம் எண்ணெய். செயினுக்கு ஸ்பிரே அடித்தபோது தட்டில் தெறித்திருக்கிறது. தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் சுத்தமாகிவிடும். எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கொடுப்பார்கள். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் தேய்த்தாலும் சுட்டாலும் நம்ப முடியாது, மாற்றியது. புதுப் பேடைச் சமதரையில் வேகமெடுத்துக் கிட்டத்தட்ட நிற்கும் வரை பிடித்து விட வேண்டும், இருபது முறை. அதற்கு முன் நந்தி மலைப் பக்கம் போகக் கூடாது. ஏழெட்டு கிலோமீட்டர் இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே இறங்கினால் பேட் கண்ணாடி போல மினுங்கிப்போய்ப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, நேர்ச் சாலையில் முழுசாக விட்டுவிட வேண்டும்.

செயினும் கியரும்

இரும்பு ஸ்கேலைச் செயின் மேல் வைத்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். இதில் 1/8 அங்குலம் கூடியிருந்தது, ஆகவே ஃப்ரீவீலும் சேர்ந்தே போயிற்று. பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் ஏற்றத்தில் துள்ளும், அந்தத் துள்ளலில் பெடல் நழுவி முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். செயினைப் பல் மாற்றும் டிரெய்லியர் 34 பல் வரை தாங்கும் ரகம் என்பதால் 14-28க்குப் பதில் 14-34 ஃப்ரீவீல் போட்டது, நீண்ட மேம்பால ஏற்றங்களில் கூட உட்கார்ந்தே மிதிக்கலாம். செயின் நீளத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்: முன்னால் பெரியது, பின்னால் பெரியது இரண்டிலும் சுற்றி, டிரெய்லியர் வழியாக விடாமல் இணையும் இடத்துக்கு மேல் 2 கண்ணி.

கியர் சரியாக விழாததற்குப் பாதி நேரம் டிரெய்லியரைத் திட்டுகிறோம், குற்றம் கேபிளில் இருக்கும். பின்னால் வளையமாகத் திரும்பும் அந்தக் கடைசித் துண்டு உறையில் மழைத்தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கிறது. கியர் உறை வேறு, பிரேக் உறை வேறு. பிரேக் உறையில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், கியர் உறையில் நீளவாக்கில் ஓடும். சுருள் உறை அழுத்தத்தில் சுருங்குவதால் கியருக்குப் போட்டால் ஒருநாளும் செட் ஆகாது. நீளவாக்கு உறையைப் பிரேக்குக்குப் போடுவது ஆபத்து, அவசரப் பிடியில் வெடித்துப் பிளக்கும்.

கேபிள் மாட்டும் முன் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கரைப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, டிரெய்லியரின் இரண்டு குட்டிச் சக்கரமும் பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்கிறதா என்று பார்த்தாயிற்று. பிறகு செயின் போகும் எல்லையைக் கட்டும் திருகுகள்: எச் திருகு சின்னப் பல்லுக்கு, எல் திருகு பெரிய பல்லுக்கு. எல் திருகு தளர்ந்திருந்தால் செயின் கம்பிக்குள் பாய்ந்து சக்கரத்தையே பூட்டிவிடும், இதில் மட்டும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது.

ஃபோர்க், டயர்

இந்த விலை ஃபோர்க் ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு பிளாஸ்டிக் புஷ்ஷும்தான். அடியில் இரண்டு போல்ட்டைக் கழற்றிக் கீழ்க்கால்களை உருவி, துருவைத் துடைத்து, புஷ்ஷில் கிரீஸ் தடவி மாட்டியது. கால்களை முன்பின்னாக ஆட்டினால் தடதடக்கும் அளவு புஷ் தேய்ந்துவிட்டால் ரிப்பேர் செய்யாமல் அதே உயரத்தில் ஸ்பிரிங் இல்லாத இரும்பு ஃபோர்க் போட்டுவிடலாம். ஊர்ச் சாலைக்கு அது குறைச்சல் இல்லை, எடையும் இறங்கும். ஃபோர்க் திரும்பும் பேரிங்கான ஹெட்செட்டில் ஆட்டம் எடுக்கும்போது முதலில் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பிறகு மேல்மூடியை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் திருகி, கடைசியில் பக்கப் போல்ட். வரிசை மாறினால் மூடி எவ்வளவு இறுகினாலும் ஆட்டம் அப்படியேதான் இருக்கும்.

டயரைக் கழற்றியதும் டியூபில் பழைய பஞ்சர் ஒட்டுகளின் இடத்தைப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள். பக்கத்தில் பாம்புக் கடி போல இரட்டை ஓட்டை என்றால் காற்று குறைச்சலாகக் குழியில் இறக்கியது. உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் ரிம் டேப் நகர்ந்து கம்பி ஓட்டை கடித்திருக்கிறது. இந்த டியூபில் இருந்த மூன்று ஒட்டுமே உள்பக்கம். ரப்பர் பட்டையை எடுத்துவிட்டுத் துணி டேப் ஒட்டியது. 65 கிலோ ஆளுக்கு 2.1 அங்குல டயரில் 35 பி.எஸ்.ஐ. வால்வு ஸ்கூட்டரில் வருவதே, பெட்ரோல் பங்கிலும் அடிக்கலாம்.

மழை நாளில்

வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடிக்கக் கொடுக்கக் கூடாது, ஹப்பின் மண்மூடி வழியாகத் தண்ணீர் நேரே குண்டுக்குப் போகும். அரை வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும், லாரித் தண்ணீர் வாங்கும் அபார்ட்மென்ட்டில் அதற்கு மேல் தேவையும் இல்லை. செயினைத் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கம் முழுசாகத் துடைப்பு. வெளியே மினுங்கும் எண்ணெய் செம்மண்ணைப் பிடித்து அரப்பொடி ஆக்கிவிடும். சீட் குழாயை மாதம் ஒருமுறை உருவிக் கிரீஸ் தடவ வேண்டும், இரும்புக்குள் அலுமினியம் ஒட்டிக்கொண்டால் அறுக்கத்தான் வேண்டும்.

மொத்தச் செலவு வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடிந்தது, நேரம் இரண்டு ஞாயிறு. முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஸ்பேனர் எடுக்க வேண்டும்: கிராங்க் போல்ட் ஒரு அரைக்கால் சுற்று வாங்கும், கியர் கேபிள் நீண்டிருக்கும், புதுக் கம்பி அரைச் சுற்று தளர்ந்திருக்கும். இந்த வண்டியில் 46வது கிலோமீட்டரில் மூன்றையும் பார்த்தபோது மூன்றும் சொன்னபடியே இருந்தன.